நிறுத்தத் தெரியாத மூவருக்கு ஒரு மாலை

மதுவிலக்குச் சங்கத்தின் மாண்புமிகு தலைவர் அவர்களே, முன்வரிசை மூத்தோர்களே, பிள்ளைகளை மடியிலும் பொறுமையை நெஞ்சிலும் தாங்கும் தாய்மாரே, கொட்டாஞ்சேனைக் குணசீலர்களே!

முதலில் ஒரு வெட்கக்கேடு. மேடையில் இருக்கும் இந்த இசைக்காரர் மூவரும் பாடிய கள்ளுத் தவறணையை மூடுவதா என்று அரசாங்க ஏசண்டர் துரை வாக்குப் பெட்டி வைத்துக் கேட்டபோது, மூடச் சொல்லி வாக்குப் போட்டவர்களில் தையல்காரப் பற்றிக்காகிய அடியேனும் ஒருவன். கொள்கையால் அல்ல. “மூடச் சொல்லிப் போடுங்கோ. இல்லாட்டி இண்டைக்கு அடுப்பு மூடியிருக்கும்” என்று மனைவி கொன்ஸ்ரன்ஸ் முழங்கையைப் பிடித்திருந்தாள். அதோ, மூன்றாம் வரிசையில் தலையாட்டுகிறாள்.

தவறணையில் பாட்டென்றால் பொழுதுபோக்கா? இல்லை, போலீஸ்! பாட்டு நின்றால் அடி தொடங்கும். ஆகவே உட்காரும் வாங்கு பறந்தாலும் நிறுத்தமாட்டார் பாடகர் ஏகப்பன். பானை உடைந்தாலும் நிறுத்தமாட்டார் தபேலா சிவானந்தன். பதினொரு வருஷம் அங்கிருந்தும் துளி கள் தொடாத அலவி நானா, ஆர்மோனியத்திலிருந்து கையெடுக்கமாட்டார்.

தவறணை மூடியது. ஆர்மோனியம் சாக்குக்குள் போனது. ஏகப்பன் துறைமுகத்தில் கூலிவேலைக்குப் பெயர் கொடுத்தார்.

“திங்கட்கிழமை தொடக்கம் நிலக்கரி சுமக்கிறன், பற்றிக் அண்ணை. தூசு ஏறினா தொண்டையும் போச்சு.”

நான் போட்ட வாக்கல்லவா அவர் தொண்டையில் கரியாக இறங்கப்போகிறது?

நெஞ்சு பொறுக்காமல், ஞாயிறன்று நம் சங்கத்தின் வெற்றிக் கூட்டத்துக்கு மூவரையும் பாடக் கூட்டிவந்தேன். தவறணை மூடிய கோபத்தில் அதன் பழைய வாடிக்கையாளர் நாற்பது பேரும் வந்தார்கள், வாழைத்தண்டுகளோடு! வீசினார்கள். தலைவர் அவர்கள் மேசைக்குக் கீழிருந்து தலைமை தாங்கினார். சிரிக்காதீர்கள் தம்பிமாரே, அதுவும் தலைமைதான். மூவரும் நிறுத்தினார்களா? தண்டு பறக்கப் பறக்கத் தாளம் பறந்தது! எறிந்த நாற்பது பேரும் பழக்கதோஷத்தில் உட்கார்ந்து தலையசைத்தார்கள்.

அதைக் கண்டவர் புறக்கோட்டை கிராமபோன் வியாபாரி ராமசுப்பிரமணியன்.

“மதராஸிலேருந்து பதிவுக்காரர் வந்திருக்கார். பாட்டைப் பதியற மெழுகுத் தட்டு ஒண்ணுதான் பாக்கி. நடுவிலே நிறுத்தினா அவ்வளவுதான், ஓய்!”

திங்கள் காலை, நிலக்கரிக்குப் போகவேண்டிய ஏகப்பன் வெள்ளவத்தைக்குப் போனார். கடலோர வாடகை வீடு, சுவரெங்கும் கம்பளி, ரயில் வராத நேரம் பார்த்துத்தான் பதிவு. முந்திய கோஷ்டி நாய் குரைத்ததும் நிறுத்தித் தட்டைக் கெடுத்திருந்தது. இவர்கள் மூன்றாம் அடி பாடும்போது, அட்டவணையில் இல்லாத சரக்கு ரயில் ஒன்று வந்தது! வீடு அதிர்ந்தது. முக்காலி முறிந்தது. அலவி நானா தரையிலிருந்து வாசித்தார். ரயில் ஊதியது. ஏகப்பன் அந்த ஊதலைச் சுருதியாகப் பிடித்து, அதற்கும் மேலே ஏறி நின்றார்!

“வண்டியே இவனுக்குச் சுருதி போடுதே!” என்றார் பதிவுக்காரர். அன்றே ஆறு இசைத்தட்டுக்கு ஒப்பந்தம்.

நான் மூன்றாம் வகுப்பை மூன்று தரம் படித்தவன். எங்கே நிறுத்துவது என்று பள்ளிக்கூடம் சொல்லித்தந்தது. நிறுத்தாமல் இருப்பதை இவர்களிடம் அல்லவா கண்டேன்! கதவு மூடியதே, நின்றார்களா? தண்டு பறந்ததே, நின்றார்களா? ரயிலே வந்ததே, நின்றார்களா?

ஓம், அந்த ‘இல்லை’யை இன்னும் பலமாகச் சொல்லுங்கள்!

நன்றி கூறும் நேரம். தலைவர் அவர்களே, மேடையின் இடது கால் இறங்கிவிட்டது. தாங்களும் நாற்காலியோடு தாய்மார் பக்கம் இறங்கியிருக்கிறீர்கள். மாலை தங்கள் மடியில் இருக்கிறது. யாராவது எடுத்துத் தந்தால் மூவருக்கும் போட்டுவிடுவேன். அனைவருக்கும் வணக்கம்.