சுமித்திரா கொடுத்த விற்றமின்

ஆண்களிடம் மருந்தைக் கொடுத்துவிட்டால் மட்டும் போதாது, ஐயா. குளிசையை உள்ளங்கையில் வைத்து, தண்ணீரையும் நீட்டினால்தான் போடுவார்கள். முள்ளியவளைச் சந்தியில் உள்ள பாமசியில் நெடுங்காலமாக வேலை செய்கிறேன். இதைப் பார்த்துப் பழகியவள். என்னைக் கட்டிய ஜெயந்தனுக்கும் நான்தான் எடுத்துக் கொடுத்தேன். ஒருநாளும் தவறவிட்டதில்லை.

நல்ல மனிசன்தான். சொந்தமாக உழவு மெசின் வைத்து ஓடினார். குடி இல்லை, கை நீட்டியதும் இல்லை. பிள்ளை மட்டும் கிடைக்கவில்லை. வவுனியாவில் ஒரு டொக்டரிடம் போனோம். என்னில் ஒரு குறையும் இல்லை என்றார். அவருக்குத்தான் விந்தணுக்கள் குறைவு. விதைப்பையில் இரத்தக்குழாய் வீங்கியிருக்கிறது, சின்ன ஒப்பரேசனில் சரிவரும், இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை என்றார்.

திரும்பி வரும் பஸ்ஸில் ஜெயந்தன் என் கையை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தார். ஒட்டுசுட்டான் தாண்டும்போது என் காதருகே குனிந்தார்.

"சுமி, இது அம்மாவுக்குத் தெரியக்கூடாது. உன்னிலதான் ஏதோ குறை எண்டு சொல்லுவம். எனக்குச் சுகம் வாறவரைக்கும்தான்."

"ஓம்" என்றேன். சொன்ன சொல்லைக் கடைசிவரை காப்பாற்றினேன்.

குடலிறக்கத்துக்கு ஒப்பரேசன் என்று மாமியிடம் சொன்னோம். சில மாதங்களில் அணுக்கள் கூடத் தொடங்கின. சத்துக்கு ஒரு விற்றமின் எழுதித் தந்து, "இனி நல்ல செய்தி வரும்" என்றார் டொக்டர்.

அந்தக் கிழமைதான் ஜெயந்தனின் தங்கை ராஜினிக்குப் பிள்ளை பிறந்த துடக்குக் கழிக்கும் சடங்கு. குழந்தை அழுதது, தூக்கினேன். மாமி பத்மாசனி வந்து, சபை பார்த்திருக்க என் கையிலிருந்து பறித்தார். "பெறாதவளின்ர கை பிள்ளையில படக்கூடாது" என்றார். ஜெயந்தன் வந்தவர்களுக்குச் சோடா கொடுத்துக்கொண்டு நின்றார். என்னைப் பார்த்தார். பிறகு அடுத்த ஆளுக்குக் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்ததும், "அவா வயசு போனவா, பெரிசா எடுக்காதை" என்றார்.

நான் பெரிதாக எடுக்கவில்லை. ஆறுதலாக இருந்து யோசித்தேன். இப்போது பிள்ளை உண்டானால், வற்றாப்பளை அம்மனுக்கு மாமி வைத்த நேர்த்திக்கடன்தான் என் வயிற்றைத் திறந்தது என்பார்கள். அவரும் பக்கத்தில் நின்று தலையாட்டுவார். அது எனக்குச் சரியாகப் படவில்லை.

விற்றமின் போத்தலை வெறுமையாக்கி, ஆண் ஹோர்மோன் குளிசைகளை அதில் போட்டேன். வாக்குமூலத்தில் நஞ்சு என்று எழுதாதீர்கள், ஐயா. நான் அவருக்கு ஆண்மையைத்தான் கொடுத்தேன். வெளியிலிருந்து அது வந்துகொண்டே இருந்தால், உடம்பு தன் வேலையை நிறுத்திவிடும். அணு உற்பத்தி வற்றிப்போகும். அவ்வளவுதான்.

தாடி அடர்ந்தது. தோள் அகன்றது. "இப்பதான் என்ர பிள்ளை ஆம்பிளை மாதிரி இருக்கிறான்" என்று மாமி பூரித்தார். அடுத்த சோதனையில் ஓர் அணுகூட இல்லை. வேறு ஏதும் மருந்து போடுகிறீரா என்று டொக்டர் கேட்டார். "சுமி தாற விற்றமின் மட்டும்தான்" என்றார் அவர். அன்று குசினியில், அடுப்புக்குப் பக்கத்தில், என் மடியில் தலை வைத்து அழுதார். தலையைத் தடவிக்கொண்டிருந்தேன். அழுது முடிந்ததும் குளிசையைக் கொடுத்தேன்.

பிறகு மாமி வேறு பெண் பார்த்தார். குறை யாரில் என்று தெரிந்துகொண்டே ஜெயந்தன் சம்மதித்தார். விவாகரத்து முடிந்து நான் பெட்டியோடு வெளியே வரும்போதும், மலடி போகிறாள் என்றுதான் ஊர் பார்த்தது. அவர் வாய் திறக்கவில்லை.

அத்துடன் நின்றிருக்கும். குளிசை முடிந்தால் உடம்பு மெல்ல மெல்லத் திரும்பும்; காலம் எடுத்தாலும் அவர் தகப்பனாகியிருக்கக்கூடும். ஆனால் மருந்து நின்றதும் ஆள் சோர்ந்துபோனார். என்னிடம் வர வெட்கப்பட்டு, புது மனைவி ரஜிதாவை அனுப்பினார்.

"அக்கா, நீங்கள் குடுக்கிற விற்றமின்தான் அவருக்கு ஒத்துவருதாம்" என்றாள். தருமபுரத்துப் பிள்ளை, மெல்லிய குரல். அவளில் எனக்கு ஒரு கோபமும் இருக்கவில்லை. போத்தலைக் கொடுத்தேன். முடிய முடிய வந்தாள், கொடுத்தேன்.

போன மாதம் வந்தபோது அவளால் நிமிர்ந்து நிற்க முடியவில்லை. உள்ளே கூப்பிட்டு, கதிரையில் இருத்திப் பார்த்தேன். வயிறு திறக்கட்டும் என்று மாமி யாரோ ஒரு பூசாரியிடம் கூட்டிப்போய், தொப்புளுக்குக் கீழே சூடு வைப்பித்திருந்தார். தோல் கழன்று சீழ் பிடித்திருந்தது.

"அவர் பாத்துக்கொண்டு நிண்டவர், அக்கா" என்றாள். "உங்களுக்கும் இப்பிடிச் செய்தவையோ?"

"இல்லை" என்றேன். "கொஞ்சம் பொறுத்திரு, ரஜிதா. எல்லாம் சரிவரும்."

போகும்போது அவளே போத்தலை ஞாபகப்படுத்திக் கேட்டாள். எடுத்துக் கொடுத்தேன்.

டொக்டர் ஜெயந்தனுடைய இரத்தத்தைச் சோதித்துவிட்டு அந்தப் போத்தலைக் கொண்டுவரச் சொன்னதாகச் சொன்னீர்கள். அதில் இருந்தது என் கையால் போட்டதுதான், மறுக்கவில்லை. ஆனால் ரஜிதாவுக்கு நான் ஒரு கெடுதலும் செய்யவில்லை. அவளுடைய புண்ணைக் கழுவி, நோகாமல் மருந்து பூசிவிட்டது நான்தான், ஐயா. அதையும் எழுதிக்கொள்ளுங்கோ.