அசையாத ஏரி

போர்கில்ட்: மெதுவா நடங்க, புரொபசர். அமைச்சரோட கப்பல் நாளைக்குத்தான் வருது. ஏரி எங்கேயும் ஓடிடாது.

ஸ்டைனார்: ஓடாதுன்னு உலகத்துக்கே நிரூபிச்சவன் நான். என்கிட்டயே சொல்றீங்களா?

போர்கில்ட்: அதுசரி... பலகையை நீங்களே தூக்குங்க. எனக்குத் துப்பாக்கியே பாரம். பனிக்கரடி வந்தா அந்தப் பலகையை வாசிச்சுக் காட்டுங்க, தானா ஓடிடும்.

ஸ்டைனார்: கிண்டலா? கேளுங்க... "குளிர்காலம் முழுவதும் நீர்மட்டம் ஒரு சென்டிமீட்டர்கூட மாறாத பனியாற்று ஏரி. கண்டறிந்தவர்..."

போர்கில்ட்: உங்க பேரு ஏரியை விடப் பெரிசா இருக்கே!

ஸ்டைனார்: கீழே பாருங்க. "தினமும் அளந்தவர், துருவ ஆராய்ச்சி நிலையத்துச் சமையல்காரர் போர்கில்ட்." அமைச்சர் உங்களுக்கு மெடல் குத்தப் போறார்.

போர்கில்ட்: மெடலா... எனக்கா? நான் அவருக்கு வாஃபிள் பலகாரம் சுட்டுத் தர்றேன், அதோட விட்டுடுங்க.

ஸ்டைனார்: நீங்க இல்லேன்னா ஆராய்ச்சி ஏது? நான் ஊர்ல இருந்தேன். நீங்கதானே இருட்டுல, புயல்ல, தினமும் இந்தக் கரை வரைக்கும் நடந்து வந்து, தண்ணி மட்டம் காட்டுற அளவுக்கம்பத்தைப் பார்த்து...

போர்கில்ட்: அதான்... அதைப் பத்தித்தான் ஒண்ணு சொல்லணும்.

ஸ்டைனார்: அப்புறம் சொல்லலாம். சுத்தியலைக் குடுங்க.

போர்கில்ட்: அக்டோபர்ல, முதல் அளவெடுக்கப் போற நாளே, ஒரு கரடி இங்கே வந்து...

ஸ்டைனார்: ஆணி எங்கே வெச்சேன்?

போர்கில்ட்: ஏன் வாயைத் திறந்தாலே அடைக்கிறீங்க? அந்த மெடலை வாங்கிக்கிட்டு நான் எப்படித் தூங்குவேன்?

ஸ்டைனார்: ...சரி, சொல்லுங்க.

போர்கில்ட்: நான் வரவே இல்ல. ஒரு நாள்கூட. அடுப்படி ஜன்னலோரமா உட்கார்ந்து தினமும் இருநூத்திப் பதினாலு சென்டிமீட்டர்னு எழுதினேன். நீங்க கிளம்புறப்ப சொன்ன அதே நம்பர்.

ஸ்டைனார்: ஏன் வரல?

போர்கில்ட்: முதல்ல கரடிக்குப் பயந்துதான். அப்புறம்... மூணு மாசம் சூரியனே இல்ல. இந்தத் தீவுல ஏதோ ஒண்ணு அப்படியே இருக்குன்னு எழுதறது ஆறுதலா இருந்துச்சு. இப்ப பாருங்க, கரைப் பாறையில பழைய தண்ணிக்கோடு எவ்வளவு மேல இருக்கு! ஏரி அதும்பாட்டுக்கு ஏறியிருக்கு, இறங்கியிருக்கு. அதை யாரு கேட்டா?

ஸ்டைனார்: அமைச்சர்கிட்ட சொல்லப் போறீங்களா?

போர்கில்ட்: சொல்லத்தான் போறேன். வேலை போனாலும் சரி. பாவம், புரொபசர் என்னை நம்பி ஏமாந்துட்டார், அவர் மேல தப்பே இல்லன்னும் சொல்லிடுவேன்.

ஸ்டைனார்: அப்படி மட்டும் சொல்லாதீங்க.

போர்கில்ட்: ஏன்? நான் தினம் கம்பத்தைப் பார்த்துத்தான் எழுதறேன்னு நம்பினீங்கதானே?

ஸ்டைனார்: போர்கில்ட்... போன ஆகஸ்ட்டுல, கோடெல்லாம் அழிஞ்சிருக்கு, பெயின்ட் அடிக்கலாம்னு கம்பத்தை நானே பிடுங்கிட்டுப் போனேன். அடுத்த கப்பல்ல திருப்பி அனுப்ப மறந்துட்டேன். நீங்க இருநூத்திப் பதினாலுன்னு அனுப்பினப்பல்லாம் அது ஊர்ல, ட்ரோம்சோவுல, என் வீட்டு நிலவறையில கிடந்துச்சு.