செம்மஞ்சள் தடிகள்

இந்த மெஷின் கோப்பிக்குச் சீனி கூடிப்போச்சு. பறவாயில்லை, சூடாயிருக்கு. ஜிஸ்லேன் பிள்ளை, நீங்கள் பாண்டிச்சேரி ஆக்கள் எண்டு சொன்னீங்கள். நான் கொஞ்சம் ஆறுதலாக் கதைக்கிறன், விளங்காட்டிக் கேளுங்கோ. மேசைக்கு அங்காலை இருக்கிற பொலிஸ் ஐயாவுக்கு அதை அப்பிடியே பிரெஞ்சிலை சொன்னால் போதும்.

என்ரை பேர் யோகநாதன். வெயில் காலத்திலை இஞ்சை லா சப்பல்லை, ரூ பிலிப்-து-ஜிரார் தெருப் பக்கம் ஒரு ரெஸ்ரோறண்டிலை கோப்பை கழுவிறனான். குளிர் தொடங்க மலைக்குப் போயிடுவன். அங்கை மர்கரீத் எண்டொரு மனுசி மோட்டோநேஜ் ஓடிற இடம் நடத்திறா. பனிக்கு மேலை ஓடிற ஸ்கூட்டர் எண்டு வையுங்கோவன்.

சீசனுக்கு முதல் பாதை போடுறதுதான் என்ரை வேலை. பனி விழுந்தால் பாதை தானா வந்திடும் எண்டு சனம் நினைக்குது. தொங்கிற கொப்புகளை வெட்டவேணும். சரிஞ்ச மரத்தை இழுத்துப் போடவேணும். பனி விழுந்த உடனை உருளையாலை அமத்தி, இறுக விடவேணும். பிறகு இரண்டு கரையிலும் செம்மஞ்சள் தடி நடவேணும். பனிப்புகாருக்கை ஓடுறவன் தடியை நம்பித்தான் ஓடுவான். எனக்கு அந்த வேலை நல்லாப் பிடிக்கும்.

ஒரு இடத்திலை பாதை சின்ன ஏரியைச் சுத்திப் போகும். ஏரி உறைஞ்சு, அதுக்கு மேலை பனியும் விழுந்தால் வெறும் வெளி மாதிரித்தான் கிடக்கும். மார்கழியிலை ஆள் நடந்தால் தாங்கும், வண்டி தாங்காது. மேலை பனி போர்வை மாதிரி மூடினால் கீழை ஐஸ் தடிக்காது. அதாலை அந்த வளைவிலை தடியை நெருக்கி நட்டுக் கயிறும் கட்டுவம்.

இனி ஞானசுந்தரம் அண்ணையைச் சொல்லவேணும். ரூ பெர்தொனேயிலை மரக்கறிக் கடை வைச்சிருக்கிறார். தங்கமான மனுசன் எண்டுதான் எல்லாரும் சொல்லுவினம். நத்தார் லீவுக்கு, அதுதான் கிறிஸ்மஸுக்கு, வான் பிடிச்சு எங்கடை சனத்தைப் பனி பார்க்க மர்கரீத்தின்ரை இடத்துக்குக் கூட்டிவருவார். அப்பிடித்தான் எனக்குப் பழக்கம். ஒருநாள் அவற்றை கடையிலை தேத்தண்ணி குடிச்சுக்கொண்டு நிக்கேக்கை பழைய கதை எடுத்தார். 2009 கடைசியிலை, ஊரிலை சண்டை முடிஞ்ச பிறகு, உக்ரைன் பக்கத்தாலை ஆக்களைக் காட்டுக்குள்ளாலை எல்லை கடத்தினவராம்.

"கரிகாலன் எண்டொரு பெடியன், யோகன். காலுக்குள்ளை செல் குண்டுத் துண்டு. பனிக்குள்ளை குந்தி இருந்திட்டான், பிறகு எழும்பேல்லை. நான் நடக்கத்தான் சொன்னனான். இருந்தது அவன்தானே. நான் என்ன செய்யிறது?"

சொல்லிப்போட்டு ஒரு அக்காவுக்கு வெண்டிக்காய் நிறுத்துக் குடுத்தார்.

கரிகாலன் என்ரை தம்பி. அது அவருக்குத் தெரியாது, நானும் சொல்லேல்லை. தேத்தண்ணியை முழுக்கக் குடிச்சுப்போட்டுத்தான் வந்தனான். தம்பி கோல் எடுப்பான் எண்டு வருசக்கணக்காப் போனைத் தலைமாட்டிலை வைச்சுக்கொண்டு படுத்தவன் நான். அண்டையிலிருந்து அந்த மனுசனிலை எனக்குத் தீராத ஆத்திரம். நான் மறைக்கேல்லை, எழுதச் சொல்லுங்கோ.

அதுக்குப் பிறகும் அவரோடை சிரிச்சுக் கதைச்சுக்கொண்டுதான் இருந்தன். அவர் வந்தால் முன்வண்டியிலை அவர்தான் ஓடுவார். "நான் வழிகாட்டிப் பழகின ஆளெல்லோ" எண்டு பகிடி விடுவார். போன மார்கழி அவர் வந்த அண்டைக்கு நல்ல புகார். காலமையே போய் வளைவிலை கயிற்றை அவிட்டு, தடிகளைப் பிடுங்கி ஏரிப் பக்கம் நேரா நட்டன். நடந்துபோய்ப் பலகையாலை பனியை அமத்தியும் விட்டன். பார்த்தால் பாதைதான். என்ரை வேலை சுத்தம் எண்டு மர்கரீத் எப்பவும் சொல்லுவா.

ஒண்டை மட்டும் மறந்துபோனன். அவற்றை ஒரே மகள் தர்மிளாவுக்கு ஆவணியிலைதான் கலியாணம் நடந்தது. மாப்பிள்ளை லவனும் வந்திருந்தான். எங்கடை ஆக்களுக்குள்ளை முதல் வருசம் மருமகனுக்குத்தான் எல்லாத்திலையும் முதலிடம். பந்தியிலையும் அவன்தான் முதல், காரிலையும் முன்சீற் அவனுக்குத்தான். நான் கலியாணம் கட்டாதவன், உதெல்லாம் மனசிலை நிக்கேல்லை. ஞானசுந்தரம் அண்ணை முன்வண்டியிலை ஏறி, ஸ்ரார்ட் பண்ணிப்போட்டு இறங்கினார்.

"மருமகன் முன்னுக்குப் போகட்டும்."

"வேண்டாம் மாமா, நீங்களே போங்கோ" எண்டு லவன் வெக்கப்பட்டான். அவர் விடேல்லை. ஹெல்மெற்றையும் தானே கொழுவி விட்டார். தர்மிளா பின்னாலை ஏறப் போனா. "பிள்ளை, நீர் என்னோடை வாரும்" எண்டு நான்தான் மறிச்சனான். அந்தப் பிள்ளை இண்டைக்கு உயிரோடை இருக்குதெண்டால் என்னாலைதான். அதையும் எழுதவேணும்.

முன்வண்டியோடை கதைக்கிற றேடியோ என்ரை கையிலை இருந்தது, அவனை நிப்பாட்டியிருக்கலாம். நான் யோசிச்சுப் பார்த்தன். மாமன் போனால் அவருக்கு ஒண்டும் தெரியாது. மருமகன் போனால் மாமன் இருந்து பார்ப்பார். அது இன்னும் நல்லதெண்டு பட்டுது.

ஐஸ் உடையேக்கை பெரிய சத்தம் போடேல்லை, அவன் வண்டியோடை கீழை போயிட்டான். சனம் கரையிலை நிண்டு குழறேக்கை, கயிறு எடுத்துவாறன் எண்டு போனன். போற வழியிலை, புகாருக்கை ஒருத்தருக்கும் தெரியாமல், தடிகளைப் பழைய இடத்திலை நட்டுவிட்டன். பனி இளக்கம், சுகமா இறங்கிச்சு. பெடியன் வேகமா ஓடித் தடியைத் தாண்டிட்டான் எண்டு விசாரணையை முடிச்சினம். தர்மிளாவும் அப்பிடித்தான் நம்புறா.

லவன்ரை முப்பத்தொண்டாம் நாள் கிரியைக்கு அவை வீட்டை போனன். ஞானசுந்தரம் அண்ணை என்ரை கையைப் பிடிச்சு, "விதி, யோகன், எல்லாம் விதி" எண்டு அழுதார். அது எனக்குப் பொறுக்கேல்லை. விதியெண்டு சொல்லிச் சொல்லியே மனுசன் ஆறிப்போடுவார். அதுக்குத்தான் இண்டைக்கு நானா இஞ்சை வந்தனான். நான் கரிகாலன்ரை தமையன் எண்டதை அவருக்கு யாராவது சொல்லவேணும்.

ஐயா கொலையெண்டு எழுதிறார் போல கிடக்கு. அப்பிடி எழுதவேண்டாம் எண்டு சொல்லுங்கோ, பிள்ளை. நான் பாதைதான் போட்டனான். அந்தப் பெடியனை நான் தொடக்கூட இல்லை. முன்வண்டியிலை ஏறி இருந்தது அவன்தானே.