நூற்றுப் பன்னிரண்டு கடைகள்

— மே பத்தொம்பது, செவ்வாய்க்கிழமை, சாயங்காலம் நாலு மணி, மூணாவது மாடி அறிவிப்புப் பலகை. எம்.பி.ஏ. ரெண்டாவது பருவம், மார்க்கெட்டிங் மேனேஜ்மென்ட். என் நம்பருக்கு நேரா சி. நான் ஒண்ணும் தப்பாப் படிக்கலையே சார்?

— தப்பாப் படிக்கலைம்மா. உட்காருங்க.

— பரீட்சையில நூத்துக்கு எழுபத்தெட்டு எடுத்திருக்கேன். வகுப்புல வாய் திறக்காத நாள் கிடையாது, என்னை அடக்குறதுதான் உங்களுக்குப் பெரும்பாடு. அப்புறம் இந்த சி எங்கேர்ந்து வந்துச்சு?

— குழு வேலைக்கு நாப்பது மார்க். அங்கதான் சறுக்கிட்டீங்க. மழைக்காலச் செருப்பை எப்படி விக்கலாம்னு கடை கடையாக் கேட்டுப் போட்ட நல்ல திட்டம். குழுவுக்கு முப்பத்தாறு போட்டேன். அதை ஆளுக்கு இவ்வளவுன்னு பிரிச்சது நான் இல்லை, நீங்க நாலு பேரும் குடுத்த படிவம்.

— அந்த நூறு புள்ளிப் படிவமா?

— அதேதான். நூறு புள்ளியை, உங்களையும் சேர்த்து, உழைப்புக்குத் தகுந்த மாதிரி பிரிச்சு எழுதணும். ரெண்டு பேர் எல்லாருக்கும் இருபத்தஞ்சு இருபத்தஞ்சுன்னு போட்டுட்டாங்க. அப்படிச் சமமாப் போட்டா செல்லாது. பாடத்திட்டத்துல நாலாம் பக்கத்துல இருக்கு.

— நாலாம் பக்கம் வரைக்கும் யாரு சார் படிச்சா?

— யாரும் படிக்கிறதில்லை. அதனாலதான் வருஷத்துக்கு ஒருத்தர் இந்த நாற்காலிக்கு வந்துடறாங்க. மிச்சம் ரெண்டு படிவம். ரெண்டுலயும் உங்களுக்குப் பத்து.

— ரெண்டுலயுமா?

— அதுல ஒண்ணு நீங்களே உங்களுக்குப் போட்டுக்கிட்டது.

— அது தெரியும் சார். என்னோட பதினஞ்சை எடுத்து எங்க குழுவுல இருக்கிற தம்பிக்குக் குடுத்தேன். சின்னப் பையன். போன பருவத்துல ஏற்கெனவே ஒரு சி. ரெண்டாவது விழுந்தா காலேஜ்லேர்ந்தே பேரை எடுத்துடுவீங்க. சோறு இறங்கலைக்கான்னு ஒரு வாரமாப் புலம்பினான். மத்த மூணு பேரும் எனக்கு இருபத்தஞ்சு போட்டுடுவாங்க, நம்ம ஒருத்தி குறைச்சா என்ன ஆகிடப் போகுதுன்னு நினைச்சேன்.

— நீங்க பத்துன்னு எழுதினா நான் பத்துன்னுதான் படிக்க முடியும்.

— இன்னொரு பத்து யாரு சார் போட்டது?

— அதைச் சொல்லக் கூடாது. அதுவும் நாலாம் பக்கம்தான்.

— எங்க குழுவுல இருக்கிற அந்தக் கண்ணாடிக்காரராத்தான் இருக்கும். செருப்பு விக்கிறவங்களுக்கு எதுக்கு மார்க்கெட்டிங்னு முதல் நாளே கேட்ட மனுஷன்.

— நான் ஒண்ணும் சொல்லலை.

— சார், நான் செருப்புக் கடையில பதினாலு வருஷமா நிக்கிறவ. படிக்கப் போன்னு கம்பெனியில சனிக்கிழமை லீவு விட்டிருக்காங்க. பி-க்குக் கீழ போனா அந்த லீவை நிறுத்திடுவாங்க, எழுதியே குடுத்திருக்காங்க. லீவு போச்சுன்னா படிப்பும் போச்சு. நாப்பத்தோரு வயசுல இன்னொரு தடவை யாரு என்னைப் படிக்க அனுப்புவாங்க?

— புரியுதும்மா. ஆனா கடைக்காரங்க சொன்ன பதிலையெல்லாம் கணினியில ஏத்தினது தம்பி பேர்ல இருக்கு. உங்க பேர் எங்கயும் இல்லையே.

— எனக்கு டைப்பிங் ஆமை வேகம். நான் நோட்டுல எழுதிக் குடுப்பேன், அவன் ஏத்துவான். நூத்திப் பன்னெண்டு கடை சார். எல்லாத்துக்கும் அவன் வண்டியில பின்னாடி உட்கார்ந்துதான் போனேன். அவனையே கேளுங்க, வெளியில நிக்கிறான். எனக்குத் துணைக்குன்னு வந்திருக்கான்.

— கூப்பிடுங்க.

— டேய், உள்ள வா. சார் கேக்குறாரு.

— வணக்கம் சார்.

— வாங்க தம்பி. கதவைச் சாத்துங்க. ஒரே கேள்விதான். நூத்திப் பன்னெண்டு கடையிலயும் உள்ள போய்ப் பேசினது இவங்களா? பார்த்தது நீங்கதானாம்.

— ஆக்சுவலா சார்... அக்காவோட மார்க்கை மாத்தினா மத்தவங்களுக்கும் மாறுமா?

— இருக்கிறது நூறு புள்ளி. ஒருத்தருக்கு ஏறினா ஒருத்தருக்கு இறங்கும்.

— யாருக்கு சார் இறங்கும்?

— படிவத்துல நாப்பது புள்ளி வாங்கினவருக்கு. சி வரைக்கும்.

— ஆக்சுவலா...

— என்னடா இழுக்குறே? பஸ் ஸ்டாண்டுகிட்ட ஒரே நாள்ல பதினெட்டு கடை ஏறி இறங்கினேனே. ஒரு கடைக்காரர் என்னை வேலை கேட்டு வந்தவன்னு நினைச்சு, அட்டைப் பெட்டியெல்லாம் அடுக்கச் சொல்லிட்டாரு. வெளியில வந்து சொன்னதும் வண்டியோட சாயுற மாதிரி சிரிச்சியே. அதைச் சொல்லு.

— ஆக்சுவலா சார், நான் வண்டியை விட்டு இறங்கவே இல்லை. மழை வேற. அக்கா உள்ள போய் யார்கிட்ட பேசினாங்க, பேசினாங்களா இல்லையான்னு எனக்குத் தெரியாது.

— டேய்.

— நான் பார்க்கலைக்கா. பார்க்காததை எப்படிச் சொல்றது?

— ஒரு கடைக்குள்ளகூடவா நீங்க போகலை?

— இல்லை சார்.

— நூத்திப் பன்னெண்டுல ஒண்ணுகூட?

— ஒண்ணுகூட இல்லை சார். சத்தியமா.

— சரி. இது படிவத்தோட சேர்த்து நீங்க குடுத்த தனி அறிக்கை, யார் என்ன வேலை செஞ்சாங்கன்னு. ரெண்டாம் பக்கம், கீழ உங்க கையெழுத்து. 'நூற்றுப் பன்னிரண்டு கடைகளுக்குள்ளும் நானே நேரில் சென்று பேசினேன்.' இதை எழுதினது நீங்கதானே?

— சார்...

— அந்த இன்னொரு பத்து நீ போட்டதாடா?

— வேற வழி தெரியலைக்கா.

— என்கிட்ட கேட்டிருக்கலாமேடா. நான்தான் ஏற்கெனவே குடுத்துட்டேனே.

— தம்பி, நீங்க போகலாம்.

— சார், ஒரு நிமிஷம். அவனுக்கு இது ரெண்டாவது சி.

— தெரியும்மா. திருத்தின பட்டியல் நாளைக்குக் காலையில பத்து மணிக்கு, மூணாவது மாடியில, அதே பலகையில ஒட்டுவோம்.