பாலம் வரையும் கம்ப்யூட்டர்

நெய்டி: மூடு அத. வால்மிர், சொன்னாக் கேளு, மூடிடு.

வால்மிர்: இப்பத்தானே தொறந்தேன்... ஐயையோ, உள்ள கரப்பான்பூச்சி குடும்பமே நடத்துது.

நெய்டி: அதுங்களாவது சண்டையில்லாம இருக்கட்டும், விடு. நம்ம பொண்ணு தைனாராவுக்குப் பால்பல்லு விழுந்தப்ப வாங்கின கம்ப்யூட்டர். அவ இப்ப காலேஜ் போறா. கெழவியப் புடிச்சு ஓட்டப்பந்தயத்துல விடுறியே, நியாயமாய்யா?

வால்மிர்: கெழவிதான். ஆனா அவளால ஓட முடியும்டி. நாமதான் இத்தன வருஷமா நடக்க மட்டும் விட்டிருக்கோம்.

நெய்டி: யாரு சொல்றது பாரு! பஸ்ஸ நாப்பதுக்கு மேல ஓட்டத் தெரியாத டிரைவர்.

வால்மிர்: அதனாலதான் இந்த பெலேம் ஊர்ல என் பஸ்ஸு ஒண்ணு மட்டும் நசுங்காம இருக்கு. வேகத்த ஏத்துறதுக்கு முன்னாடி சூடு வெளிய போக வழி பண்ணணும். தூசி தட்டணும்... அந்த பிரஷ்ஷக் குடு.

நெய்டி: அது நான் தலைக்குச் சாயம் பூசுற பிரஷ்ஷு!

வால்மிர்: அதுக்கும் வயசாச்சு, இதுக்கும் வயசாச்சு. குடு.

நெய்டி: வாய் நீளுது... இந்தா. எதுக்கு இவ்வளவு பாடு?

வால்மிர்: எதுக்கா? பொண்ணு இஞ்சினியரிங் படிக்கிறா. பாலம் வரையறா. பாலத்த லேசாத் திருப்பினா இது மூச்சு வாங்குது.

நெய்டி: அவ... அவ சமாளிச்சுக்குவா.

வால்மிர்: என்ன முழுங்குற?

நெய்டி: அசாயி. வாயில அசாயிப் பழக்கூழு இருக்கு.

வால்மிர்: கிண்ணம் காலியா இருக்கே.

நெய்டி: ...கடைசி வாய்.

வால்மிர்: ம்.

நெய்டி: அது என்ன, பல்பசையா?

வால்மிர்: சூட்டக் கடத்துற பசை. பழசு காஞ்சு பொருக்குத் தட்டிப்போச்சு. சிப்பு மேல ஒரு பட்டாணி அளவு வச்சு, மேல ஃபேன மாட்டணும்.

நெய்டி: இந்தச் சிக்கனத்த ரொட்டிக்கு வெண்ணெய் தடவுறப்பக் காட்டு.

வால்மிர்: இப்ப போடுறேன், பாரு... வேகம் ஒரே ஒரு படி. வோல்டேஜத் தொடமாட்டேன், அதத் தொட்டவனுங்க வீட்டுலதான் புகை வருது. ஒரு படி ஏத்து, வேலை குடு, சூட்டப் பாரு. அடங்கி இருந்தா அடுத்த படி.

நெய்டி: என்கிட்ட என்னிக்காவது இப்படிச் சூடு பாத்துப் பேசியிருக்கியா?

வால்மிர்: உன் சூட்டுக்கு மீட்டர் எதுக்கு? தெருவுக்கே தெரியும்... அறுபத்தி ரெண்டு டிகிரி. நல்லா இருக்கு. இன்னும் ஒரு படி.

நெய்டி: போதும்யா.

வால்மிர்: இன்னும் ஒண்ணே ஒண்ணு...

நெய்டி: என்னாச்சு? திரை கருத்துப்போச்சே! நசாரே மாதாவே! அவளோடது எல்லாம் அதுலதானே இருக்கு!

வால்மிர்: எல்லாம்னா?

நெய்டி: ...பாலம்.

வால்மிர்: ஒரு பாலத்துக்கு மாதாவையே கூப்பிடுற?

நெய்டி: பெரிய பாலம்யா.

வால்மிர்: பதறாத. கரண்டு வயர உருவு. காசு மாதிரி ஒரு பேட்டரி இருக்கு பாரு, அதக் கழட்டிக் கொஞ்ச நேரம் விட்டு மாட்டினா, நான் சொன்னதயெல்லாம் மறந்துட்டுப் பழையபடி எழுந்திரிக்கும்.

நெய்டி: எனக்கும் அப்படி ஒரு பேட்டரி இருந்திருந்தா உன்கூட நிம்மதியாக் காலம் தள்ளியிருப்பேன்.

வால்மிர்: வந்துடுச்சு பாத்தியா! பேராசை வேணாம், ஒரு படி கீழயே நிறுத்திக்கலாம். இப்ப கனமா ஒரு வேலை குடுத்துத் தாங்குதான்னு பாக்கணும்... அவ ஃபைல் ஒண்ணத் தொறக்குறேன்.

நெய்டி: அதத் தொறக்காத!

வால்மிர்: தொறந்துட்டேன்.

நெய்டி: ஐயோ, சத்தத்தக் கொறைய்யா!

வால்மிர்: நெய்டி... இது என்ன பாலம்? டும்மு டும்முங்குது?

நெய்டி: ...பாலத்து மேல லாரி போகுது.

வால்மிர்: லாரிக்குள்ள ஒரு பொம்பள கத்துறாளே?

நெய்டி: லாரின்னா ரேடியோ இருக்காதா?

வால்மிர்: போதும்டி. அவ காலேஜ விட்டுட்டான்னு எனக்கு எப்பவோ தெரியும். கூடப் படிச்ச பொண்ணு என் பஸ்லதான் வருது. ஒரு வாரம் முழுக்கக் கோவமா இருந்தேன். இந்த வீட்டுல யாரும் கவனிக்கல.

நெய்டி: உன் மூஞ்சி எப்பவும் அப்படித்தானே இருக்கும், நாங்க எதக் கண்டோம்... இரு இரு. தெரிஞ்சா அப்புறம் எதுக்குய்யா பாலம், பாலம்னு கதை விட்ட?

வால்மிர்: இந்தப் பாட்ட முழுசாக் கேக்கத்தான். முன்னாடியே ஒருதடவ தொறந்து பாத்தேன், திக்கித் திக்கி நின்னுபோச்சு. அதான் வேகத்த ஏத்தினேன்.

நெய்டி: பாட்டுக் கேக்கவா!

வால்மிர்: என் பஸ்ல எல்லார் போன்லயும் இதுதான் ஓடுது. "எங்க போயிட்டு வர்ற, கண்ணப் பாத்துச் சொல்லு... ஊரே நனைஞ்சு கெடக்கு, உன் குடை ஏன் காஞ்சு கெடக்கு..." மொத்த பஸ்ஸும் கைதட்டிப் பாடுது, முழுசாக் கேக்க விடமாட்டேங்குது.

நெய்டி: நல்லாத்தானே இருக்கு? அவ போட்ட மெட்டுய்யா!

வால்மிர்: மெட்டு நல்லா இருக்கு. திட்டுற குரல் உன்னோடதுதானே? பஸ் கூட்டத்துல எனக்கு மட்டுந்தான் அடையாளம் தெரியும்னு நெனச்சேன். கண்டக்டரும் கண்டுபிடிச்சுட்டான். "யாருண்ணே அந்த இன்னொரு பொம்பள?"ன்னு தெனம் கேக்குறான். நான் எங்கடி போனேன்? எவ வீட்டுல என் குடை காஞ்சுச்சு?

நெய்டி: ...சிரிப்பு வருதுய்யா.

வால்மிர்: சிரி. எனக்குச் சோறு இறங்கல. சந்தேகம்னா மூஞ்சிக்கு நேரா கேட்டிருக்கலாம்ல? பாட்டாப் போட்டு ஊரைவிட்டா கேப்ப?

நெய்டி: அட மண்டு! உன்ன நம்பி எவய்யா வீட்டுக்குள்ள விடுவா? அன்னிக்கு, காலேஜ்லேருந்து மழையில நடந்து வர்றேன்னு வந்து நின்னவ உன் மவ. குடையில பொட்டுத் தண்ணி இல்ல. அப்பத்தான் படிப்ப விட்ட கதையே வெளிய வந்துச்சு. நான் அழுதுகிட்டே திட்டுறேன், கழுத அதப் பதிவு பண்ணி மெட்டுப் போட்டிருக்கா. அது அவளத் திட்டினது. உன்னத் திட்டின பாட்டு வேற இருக்கு... அது சனிக்கிழமைதான் வெளிய வருது.