ஒரு மணி நேரம் தாங்கும் சுவர்

காலையில் எழுந்ததும் பல் துலக்குகிறேன். பால் காய்ச்சுகிறேன். பிறகு ஒரு துணியை நனைத்துப் பிழிந்து சுவர்களைத் துடைக்கிறேன். ஜிப்சம் போர்டு மாட்டிய வீட்டில் தூசு லேசில் அடங்காது. தேய்த்துச் சமன்செய்த பூச்சின் வெள்ளை மாவு எத்தனை தடவை பெருக்கினாலும் ஓரங்களில் வந்து உட்கார்ந்துகொள்ளும். கூடம், சமையலறை, படுக்கையறை என்று வரிசையாகத் துடைத்துவிட்டு வேலைக்குக் கிளம்புவேன். இன்று நீங்கள் கதவைத் தட்டியபோது என் கையில் இருந்தது அந்தத் துணிதான். பின் அறையை மட்டும் நான் துடைப்பதில்லை. அதை உங்கள் ஆட்கள் பூட்டி வைத்திருக்கிறார்கள்.

கேட்டீர்கள், சொல்கிறேன்.

நான் வேதியியல் படித்தவன். பெயின்ட் கம்பெனியில் தரம் பார்க்கும் பிரிவில் வேலை. பெயின்ட் பூசிய தகட்டை உப்புநீர்ப் பெட்டிக்குள் வைத்து மூடுவோம். குறித்த நேரம் முடியும்வரை பெட்டியைத் திறக்கக் கூடாது. நடுவில் திறந்தால் அந்தத் தகடு வீண். முதலிலிருந்து தொடங்க வேண்டும். புதிதாகச் சேருகிறவர்களுக்கு நான் சொல்லிக்கொடுக்கும் முதல் பாடம் அது.

எங்கள் வீடு மரச்சட்டத்தில் கட்டியது. கல்யாணமான புதிதில் என் மனைவிக்கு அது பிடித்திருந்தது. பிறகு தெருமுனையில் அதே மாதிரி கட்டிய வீடு ஒன்று ஒரு மத்தியானம் எரிந்துபோனது. ஆளுக்குச் சேதமில்லை. ஆனால் தீயணைப்பு வண்டி வளைவில் திரும்புவதற்குள் கூரை உட்கார்ந்துவிட்டது. அவள் எங்கள் வாசலில் நின்று முழுவதையும் பார்த்தாள். அன்றிலிருந்து அவளுடைய சர்டிபிகேட்டும் நகையும் ஒரு பையில் தலைமாட்டுக்கு வந்துவிட்டன. தூங்குவதும் குறைந்துவிட்டது.

அவளுடைய அண்ணன் வந்தபோது கூடத்தில் நின்று மரத்தூணைத் தட்டிப் பார்த்தார்.

“என்ன மாப்ள, தீப்பெட்டிக்குள்ளயே குடித்தனம்னு முடிவு பண்ணிட்டீங்களா? குச்சியை மட்டும் வெளிய வெச்சுட்டு வாங்க.”

அவள் சிரித்தாள். வெகுநாள் கழித்துச் சிரித்தாள். அண்ணனுடையது நகரத்து அடுக்குமாடியில் கான்கிரீட் வீடு.

“சரி பண்ணிடலாம் மச்சான்” என்றேன்.

அடுத்த நாளே கடைக்குப் போனேன். சாதா ஜிப்சம் போர்டு, கண்ணாடி இழை கலந்த தீ தாங்கும் போர்டு, கால்சியம் சிலிகேட் போர்டு, மூன்றையும் எடுத்துக் காட்டினார் கடைக்காரர்.

“இழை போட்டது எடுங்க சார். நெருப்பு வந்து கதவைத் தட்டிப் பாக்கும், ஆள் இல்லபோலன்னு நெனச்சுத் திரும்பிப் போயிரும்.”

மூன்றிலும் துண்டு வாங்கி வந்து வீட்டு அடுப்பில் பிடித்துப் பார்த்தேன். சாதா போர்டில் காகிதம் எரிந்து, உள்ளிருக்கும் ஈரம் வற்றியதும், வெடிப்பு விட்டு உதிர்ந்தது. இழை போட்டது வெளுத்ததே தவிர உதிரவில்லை. சிலிகேட்டும் தாங்கியது. ஆனால் அதை அறுக்க எங்கள் தச்சரிடம் தோதான பிளேடு இல்லை. அவள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

“சாப்பாடு வேகற நேரத்துல சுவத்த வேக வைக்கிறீங்களே. எத்தன விசில் வெக்கணும்?”

அப்போதெல்லாம் இப்படிப் பேசுவாள்.

தச்சரும் நானுமாக மாட்டினோம். சட்டங்களுக்கு இடையில் கல்நார்ப் பஞ்சு மாதிரி இருக்கும் ராக்வுல்லைத் திணித்தோம். அதன்மேல் இரண்டடுக்குப் போர்டு. முதல் அடுக்கின் இணைப்பு வரும் இடத்தில் இரண்டாம் அடுக்கின் இணைப்பு வரக் கூடாது. அதில் நான் ஓர் அங்குலம் விட்டுக்கொடுக்கவில்லை.

“இவ்ளோ ஸ்க்ரூ அடிச்சா வீடு எரியாது சார், துருப்பிடிச்சுத்தான் போகும்” என்றார் தச்சர். அவரே மாட்டிய இரண்டு போர்டைக் கழற்றி மாட்டச் சொல்லியிருந்தேன்.

பின் அறைச் சுவருக்கு அந்தப்பக்கம் விறகும் பழைய பலகைகளும் கிடக்கும் சாய்ப்பு. அந்தச் சுவரில் ஒரு ஜன்னல் இருந்தது. தீயைத் தடுக்கும் சுவரில் ஜன்னல் என்பது ஓட்டை. அதை மூடிப் போர்டு அடித்தேன். கதவையும் தீ தாங்கும் கதவாக மாற்றினேன். அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான். தையல் மிஷினுக்கு அந்தச் சுவரில் ஒரு பிளக் பாயிண்ட். போர்டை வெட்டிப் பெட்டி பதித்தோம். அதன் பின்னால் வைக்க வேண்டிய தீத்தடுப்பு மெத்தை கடையில் இருப்பு இல்லை. வந்ததும் வைக்கலாம் என்று விட்டேன். அந்த ஓட்டை அவள் கேட்டது என்பதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும்.

வேலை முடிந்த வாரம் அவள் பெட்டியை எடுத்து வைத்துத் துணி மடித்தாள்.

“நல்லாத்தான் செஞ்சிருக்கீங்க. இல்லைன்னு சொல்லல. ஆனா எனக்கு இங்க தூக்கம் வரலீங்க. ஞாயித்துக்கிழம சாயங்காலம் அண்ணன் வந்து கூட்டிட்டுப் போறேன்னிருக்கார்.”

“எத்தன நாளைக்கு?”

குளிர்காலத் துணிகளையும் அவள் மடித்துக்கொண்டிருந்தாள்.

அவள் போனால் திரும்பமாட்டாள் என்று எனக்குத் தெரிந்தது. நான் சத்தம் போடவில்லை. கை நீட்டவில்லை. அப்படிப்பட்ட ஆள் இல்லை நான், அக்கம்பக்கத்தில் விசாரித்துக்கொள்ளுங்கள். அவளுக்கு இருந்தது நம்பிக்கைக் குறைவு. அதற்கு மருந்து நிரூபணம். இந்தச் சுவர் ஒரு மணி நேரம் தீயைத் தாங்கும் என்று கடைக்காரர் சொல்லியிருந்தார். நான் அதை அவள் கண்முன் காட்டிவிட்டால் பேச்சு முடிந்துவிடும்.

ஞாயிறு மத்தியானம் அவள் தையல் மிஷினுக்கு உறை போடப் பின் அறைக்குப் போனாள். நான் கதவைச் சாத்திப் பூட்டினேன். முடிவு தெரியும் முன்பே ஓடிவந்துவிட்டால் சோதனைக்குப் பொருளில்லை. நடையில் இரண்டு வாளித் தண்ணீரும் தீயணைப்பு உருளையும் ஏற்கெனவே வைத்திருந்தேன். சாய்ப்புக்குப் பின்னால் வெறும் சரிவு, வீடுகள் கிடையாது. விறகின்மேல் தின்னர் ஊற்றிப் பற்றவைத்துவிட்டு உள்ளே வந்து, கதவுக்கு வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்தேன்.

“ஏங்க, கதவு இறுகிடுச்சு போல.”

“நான்தான் பூட்டியிருக்கேன். சாய்ப்புல தீ வெச்சிருக்கேன். பயப்படாத. சுவத்துல கை வெச்சுப் பாரு.”

கைப்பிடியைத் திருகிப் பார்க்கும் சத்தம் கேட்டது.

“விளையாடாதீங்க.”

“கை வெச்சுப் பாரு. சுடுதா?”

“இல்ல.”

“பாத்தியா.”

அந்த “இல்ல” எனக்குப் பெரிய சந்தோஷம். நடுவில் இரண்டு தடவை எழுந்து போய் வந்தேன். தீ தணியப் பார்த்தது, பலகைகளைப் போட வேண்டியிருந்தது. அடங்கிய தீயை வைத்துச் சோதித்தால் அது ஏமாற்று வேலை.

புகை வருகிறது என்று அவள் சொன்னாள். வராது என்றேன். இருமிக் காட்டினாள். அதை அப்படித்தான் எடுத்துக்கொண்டேன். ஒவ்வோர் இணைப்பிலும் பசை பூசியது நான். புகை நுழைய வழியில்லை என்று எனக்குத் தெரியும். அவள் சொல்வதும் என் சுவரும் முரண்பட்டன. நான் சுவரை நம்பினேன். பிளக் பாயிண்ட் எனக்கு நினைவுக்கே வரவில்லை. கதவைத் தட்டிக்கொண்டிருந்தாள். பிறகு நிறுத்திவிட்டாள். சமாதானமாகிவிட்டாள் என்று நினைத்தேன்.

நேரம் முடிந்ததும் பூட்டைத் திறந்தேன். அவள் கதவின்மேல் சாய்ந்திருந்ததால் தள்ளித் திறக்கச் சிரமமாக இருந்தது. வெளிப்பலகைகளும் சட்டங்களும் கரியாகியிருந்தன. போர்டு நின்றது. உள்பக்கச் சுவரில் பிளக் பாயிண்டைச் சுற்றி மட்டும் ஒரு கறுப்பு வட்டம். சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, தீயை அணைத்துவிட்டு, ஆட்களைக் கூப்பிட்டேன். சாய்ப்பில் இருந்த தின்னர் டப்பா தீப்பிடித்துவிட்டது என்றேன். எல்லாரும் நம்பினார்கள். தீயணைப்புக்காரர் ஒருவர் சுவரைத் தட்டிப் பார்த்து, “யார் மாட்டினது? நல்ல வேலை” என்றார். அன்று எனக்குக் கிடைத்த ஆறுதல் அது ஒன்றுதான்.

சொன்னபடி சாயங்காலம் அவளைக் கூட்டிப்போக மச்சான் வந்தார். நடையில் உட்கார்ந்துவிட்டார். ரொம்ப நேரம் கழித்து, “கடைசியா எதாவது சொன்னாளா மாப்ள?” என்று கேட்டார். பயமில்லை என்று சொன்னதாகச் சொன்னேன். அவர் என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதார்.

கதவின் உள்பக்கத்துக் கீறல்களைக் காட்டி நீங்கள் கேட்டதும் அதையேதான். அவருக்குச் சொன்னது சரியில்லை. இது என் வாக்குமூலம் என்பதால் சரியாகவே சொல்கிறேன். அவள் கடைசியாகப் பேசியபோது பாதி நேரம்தான் ஆகியிருந்தது. குரல் கதவின் அடிப்பக்கத்திலிருந்து வந்தது.

“சுவர் தாங்குதுங்க. நான் எங்கயும் போகல. இங்கயே இருக்கேன், அண்ணன்கிட்ட நானே சொல்லிடறேன். கதவைத் திறங்க.”