முதல் ஓலைக்கு முந்தின சாயங்காலம்

இல்லல்ல, காபியே போதும் லின்சி. நீ உக்காரு. அம்மாவும் அப்பாவும் சாயங்காலப் பூசைக்குப் போயிருப்பாங்கன்னு தெரிஞ்சுதான் வந்தேன். ஏன் முழிக்கிற? பொண்ணத் தனியா பாக்க மாப்பிள்ளைதான் வரணுமா, மாப்பிள்ளையோட அம்மா வரக் கூடாதா? குடவாசல்லேர்ந்து தஞ்சாவூருக்கு ரெண்டு பஸ் மாறி, கும்பகோணம் வரைக்கும் நின்னுக்கிட்டே வந்திருக்கேன் தெரியுமா.

ஆன்ட்டின்னே கூப்பிடு, பரவால்ல. அத்தைன்னு கூப்பிட இன்னும் மூணு ஞாயித்துக்கெழம இருக்கு. நாளைக்குத்தானே முதல் ஓலை. எங்க கோயில்லயும் வாசிப்பாங்க, உங்க கோயில்லயும் வாசிப்பாங்க. இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம், தடை ஏதாச்சும் தெரிஞ்சவங்க பங்குச் சாமியார்கிட்ட வந்து சொல்லணும்னு. எங்க ஊர்ல ஒருத்தி இப்பவே செருப்ப மாட்டிக்கிட்டு ரெடியா நிக்கிறா. வேற யாரு, என் நாத்தனார் அனிட்டாதான்.

அன்னைக்குப் பொண்ணு பாக்க வந்தப்ப மாஸ்க் போட்டுக்கிட்டு ஓரமா உக்காந்திருந்தாளே, அவதான். நீ குரங்கோட கிருமிய ஆராய்ச்சி பண்றேன்னு காதுல விழுந்ததுலேர்ந்து அவளுக்குத் தூக்கம் இல்ல. எய்ட்ஸ் கிருமிக்கு அது சொந்தக்காரக் கிருமியாமே, அதக் கையில எடுத்து வேலை பாக்குற பொண்ண எப்படி வீட்டுக்குள்ள விடுறதுன்னு ஒரே புலம்பல். உங்கம்மா குடுத்த கேசரியத் தொடவே இல்ல. அதையும் நான்தான் தின்னேன். நெய் கொஞ்சம் கூடுதல்னு அம்மாகிட்ட சொல்லிடு.

நீ மட்டும் சும்மாவா? எம்புள்ள ரெஜினோட பேர ஆல்பினான்னு ரெண்டு தடவ கேட்ட. ஆனா அமெரிக்காவுல நீ பாத்துக்கிட்ட குரங்கோட நம்பர் மட்டும் நாக்கு நுனியில நிக்கிது. நாப்பத்தேழு. ஊசி போடப் போனா கையுறையப் பிடிச்சு இழுக்கும்னு சொன்னப்ப உன் மூஞ்சியப் பாக்கணுமே! எம்புள்ள எதுத்தாப்ல புதுச்சட்ட போட்டு வேர்த்து விறுவிறுத்து உக்காந்திருக்கான். சரி, குரங்குகிட்ட தோத்துட்டான்னு நெனச்சுக்கிட்டேன்.

ம், நானும் லேசுல விடல, ஒத்துக்கிறேன். சமைப்பியா, பாடுவியான்னு கேக்காம குரங்கு ரத்தத்தப் பத்தியே ஒரு மணி நேரம் கேட்டா யாருக்குத்தான் சிரிப்பு வராது. உங்கப்பா வாயப் பொத்திக்கிட்டு உள்ள எந்திரிச்சுப் போனத நான் பாத்தேன்.

ஆனா அழகா சொன்ன லின்சி. பிஸ்கட்ட ரெண்டு பங்கா பிரிச்சு வச்சு சொன்னியே. ஆப்பிரிக்காவுல ஒரு சாம்பல் குரங்கு, ரத்தம் பூரா கிருமி இருந்தாலும் அது பாட்டுக்கு மரம் தாவி, குட்டி போட்டு, கெழடாகித்தான் சாகும். அதே கிருமி நம்ம பக்கத்துக் குரங்குக்குள்ள போனா ஆளையே சாச்சுப்புடும். ஏன்னு கேட்டதுக்கு, சாம்பல் குரங்கு ஒடம்பு கொஞ்ச நாள் ஆர்ப்பாட்டம் பண்ணிட்டு அடங்கிரும், மத்தது ஓயாம சண்டை போட்டே ஓஞ்சு போயிரும்னு சொன்ன. வாய்க்காத் தண்ணிக்குப் பங்காளிங்க அடிச்சுக்கிட்டுப் பயிரக் காயப் போட்ட கதையான்னு நான் கேட்டேன். நீ அத நோட்டுல வேற எழுதிக்கிட்ட.

அப்புறம் மனுசங்களப் பத்திக் கேட்டேன். மாத்திரைய விடாம போட்டா கிருமி எண்ண முடியாத அளவுக்கு அடங்கிரும், அதுக்கப்புறம் கூடப் படுக்குறவங்களுக்குக்கூடப் போவாதுன்னு சொன்ன. கொஞ்சங்கூடக் கூச்சப்படாம சொன்ன. அனிட்டாதான் ஜெபமாலைய எடுத்துட்டா.

எம்மருமக இவதான்னு அந்த நிமிசம் முடிவு பண்ணேன். அதுக்கு முன்னாடி ரெண்டு எடம் வந்து, ரெண்டையும் நானே தட்டிக் கழிச்சேன். நல்ல பொண்ணுங்கதான். அவங்ககிட்ட எங்கேர்ந்து ஆரம்பிக்கிறதுன்னு எனக்குத் தெரியல.

பயப்படாத, சீர்வரிசை கேக்க வரல. இந்தக் காயிதத்தப் பாரு. ரெஜினோட ரத்த டெஸ்ட்டு. போன வாரம் எடுத்தது. அவனுக்கு ஒண்ணும் இல்ல. சின்னதுலயே ரெண்டு தடவ பாத்தாச்சு, ஓலை குடுக்குறதுக்கு முன்னாடி இன்னொரு தடவ பாருடான்னேன். அவன்தான் உங்கிட்ட சொல்றேன்னு துடிச்சான். நான் விடல. இது எம் வாயாலதான் வரணும்னு சொல்லிட்டேன். அவன்மேல கோவப்பட்டுடாத.

அடுத்தது என்னோடது. சவரியம்மாள்னு போட்டிருக்கு பாரு, அது நான்தான். அந்தக் கிருமிக்குத்தான் பதினெட்டு வருசமா மாத்திரை போடுறேன். ரெஜினோட அப்பா போனதும் இதாலதான். ஊருக்குச் சொன்னது மஞ்சக்காமாலை. மாசாமாசம் பூண்டி மாதாவுக்குப் போறேன்னு சொல்லிட்டு இந்தத் தஞ்சாவூர் பெரியாஸ்பத்திரிக்குத்தான் வருவேன். பொய்யாயிடக் கூடாதேன்னு மாத்திரைய வாங்கிட்டு, அப்படியே பூண்டிக்கும் போயி ஒரு மெழுகுவத்தி ஏத்திட்டு வந்துருவேன்.

கடைசி வரியப் படிச்சியா? கிருமி தென்படலைன்னு போட்டிருக்காம். நர்சு ஒவ்வொரு தடவையும் சொல்லும், நானும் தலைய ஆட்டிட்டு வருவேன். அதுக்கு என்ன அர்த்தம்னு எனக்கு முழுசா வெளங்குனது உன் பிஸ்கட்டுத் தட்டப் பாத்துத்தான்.

அனிட்டாவுக்குத் தெரியாது. தெரிஞ்சா நாளைக்குக் கோயில்லயே எந்திரிச்சு நிப்பா. அவ சொல்லி நீ கேக்கக் கூடாது. உனக்கு வேணாம்னா இப்பவே சொல்லிடு, சாமியார்கிட்ட நானே போன்ல பேசி ஓலைய நிறுத்திடுறேன். ரெஜினுக்கும் நானே சொல்லிக்கிறேன். நீ படிச்ச பொண்ணு, பயப்பட மாட்ட. ஆனா பாடத்துல இருக்குறது வேற, ஒரே அடுப்படியில இருக்குறது வேற இல்லையா. எனக்குப் பயமாத்தான் இருக்கு லின்சி. இன்னும் கொஞ்ச நாள் தள்ளிப் போட்டிருந்தா, உன் முன்னாடி உக்காந்து இதச் சொல்ற தைரியமே போயிருக்கும்.

காயிதத்த வச்சுட்டுக் கடியாரத்த ஏன் பாக்குற?

என்னது? மாத்திரை போட்டுட்டேனாவா? எட்டு மணிக்குப் போடுறதுதான். பையிலதான் இருக்கு. இல்ல, வெறும் வயித்துல போட மாட்டேன், கொமட்டும். வீட்டுக்குப் போயி ரெண்டு வாய் சாப்பிட்டுட்டு... இல்லம்மா, பஸ்ஸ விட்டுட்டா... எங்க போற? ஏய், கல்ல எதுக்கு அடுப்புல வைக்கிற?

அழுவலையே. சரி, அழுவுறேன்தான். எம்புள்ளையத் தவிர, நேரத்துக்கு மாத்திரை போட்டியான்னு எங்கிட்ட யாரும் கேட்டதில்ல லின்சி.

ரெண்டு தோசை போதும்.